சர்வே எண்ணில் அடங்காத ஊர்: நெய்வேலிச் சுரங்கமும் மூதாதையர் நிலமும்

கடலூர் மாவட்டத்தில் நெய்வேலிக்கும் சேத்தியாத்தோப்புக்கும் இடைப்பட்ட நிலம் இரு வகை மண்ணால் ஆனது. வடக்கே செம்மண் மேடு. முந்திரியும் பலாவும் அங்கே தழைக்கின்றன. தெற்கே வெள்ளாற்றையும் வீராணம் ஏரியையும் ஒட்டிய வண்டல் சமவெளி. நெல்லும் கரும்பும் அதன் விளைச்சல். மேட்டின் அடியில் கிடக்கும் பழுப்பு நிலக்கரிப் படுகை சமவெளியின் அடியிலும் நீள்கிறது. 1957-இல் மேட்டில் தொடங்கிய சுரங்கம் அறுபது ஆண்டுகளுக்குப் பின் சேத்தியாத்தோப்பை அடுத்த வயல்களின் வரப்பு வரை வந்துவிட்டது. இடைப்பட்ட காலத்தில் பல ஊர்கள் முழுதாகவோ பகுதியாகவோ இடம்பெயர்ந்தன.

இந்த இடப்பெயர்வு பெரும்பாலும் இழப்பீட்டுத் தொகை, வேலைவாய்ப்பு, மாற்றுமனை ஆகிய மூன்றையும் வைத்தே பேசப்பட்டு வருகிறது. இம்மூன்றும் முக்கியமானவை; இவற்றுக்கான போராட்டங்கள் நியாயமானவை. ஆனாலும் பணமும் வேலையும் மனையும் பெற்ற குடும்பங்களிடம்கூட இழப்பு தீர்ந்தபாடில்லை. தலைமுறை கடந்தும் அவர்கள் பழைய ஊரைப் பற்றியே பேசுகிறார்கள். ஒரு குடியானவச் சமூகத்துக்கு மூதாதையர் நிலம் என்பது எது, அதன் நினைவு எங்கே தங்கியிருக்கிறது, நிலம் எடுக்கும் சட்டம் அதில் எவ்வளவைக் கணக்கில் கொள்கிறது என்ற கேள்விகளுக்கு விடை கண்டால்தான் தீராத அந்த இழப்பு விளங்கும்.

சுரங்கம் வந்த வரலாறு

1930-களின் நடுவில், நெய்வேலியின் நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது தண்ணீரோடு கரிய துகள்கள் வெளிவந்தன. இந்தப் பகுதியின் நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தில் இருந்ததால், ஆழ்துளைகளிலிருந்து நீர் தானாகவே பொங்கி வழிந்தது. 1940-களில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறை துளையிட்டுப் பார்த்து, படுகை பெரியது என்று கண்டது. தென்னிந்தியாவில் நிலக்கரி அரிது. சென்னை மாகாணத்தின் ஆலைகளுக்கு வட இந்தியாவிலிருந்து ரயிலில் கரி வர வேண்டியிருந்தது. முதலமைச்சர் காமராசர் திட்டத்துக்காக விடாமல் வாதாடினார். ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நூற்றுக்கணக்கான ஏக்கரை இதற்காகக் கொடுத்தார். 1956 நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரிக் கழகம் பதிவு பெற்றது. 1957 மே 20 அன்று பிரதமர் ஜவகர்லால் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார்.

பழுப்பு நிலக்கரி எட்டும் ஆழத்தில் இல்லை. பல இடங்களில் 50 மீட்டருக்கும் மேலான மண்ணையும் மணற்பாறையையும் அகற்றிய பிறகே அது தெரியவரும். ஒரு டன் கரிக்கு ஐந்து கன மீட்டருக்கும் மேற்பட்ட மேல்மண்ணைத் தோண்டிக் கொட்ட வேண்டும். ஜெர்மனியிலிருந்து வந்த ராட்சத வாளிச்சக்கர இயந்திரங்கள் அந்த வேலையைச் செய்தன. படுகைக்குக் கீழே இருந்த நீரின் அழுத்தம் சுரங்கத்தின் தரையைப் பிளந்துவிடும் என்பதால், இரவு பகலாக நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. 1961-இல் கரி கண்ணில் பட்டது. 1962-இல் முதல் மின்னாக்கி ஓடத் தொடங்கியது. 1984-இல் இரண்டாம் சுரங்கத்திலும் 2003-இல் முதலாம் சுரங்க விரிவாக்கத்திலும் கரி எடுக்கப்பட்டது. 2016-இல் நிறுவனத்தின் பெயர் என்.எல்.சி. இந்தியா என்று மாறியது.

நெய்வேலி மின்சாரம் தமிழ்நாட்டின் பம்புசெட்டுகளையும் ஆலைகளையும் ஓட்டியது. பல்லாயிரம் பேருக்கு வேலை தந்தது. அந்தப் பயன் உண்மையானது. அதற்கான விலையில் பெரும்பங்கைச் சுற்றியிருந்த சில பத்து ஊர்கள் மட்டுமே செலுத்தின என்பதும் அதே அளவுக்கு உண்மை. திறந்தவெளிச் சுரங்கம் நிலத்தின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவைப்பதில்லை. அணை கட்டினால் மூழ்கிய ஊரின் கோயில் கோபுரம் கோடையில் நீர் வற்றும்போதாவது தலைகாட்டும். சுரங்கம் போன வழியில் ஊரின் மண்ணே இடம் மாறிவிடுகிறது. கிணறு இருந்த இடம், கிணற்றின் ஆழத்தையும் தாண்டிய பள்ளமாகிறது. பிறகு வேறோர் இடத்து மண்ணால் அது மூடப்படுகிறது.

ஊர் என்ற அமைப்பு

தமிழ்நாட்டுக் குடியானவ ஊர் வீடுகளும் வயல்களும் மட்டும் சேர்ந்ததன்று. நத்தம், ஏரி, வாய்க்கால், களம், மேய்க்கால், கோயில், இடுகாடு, சுடுகாடு, சேரி, இவற்றை இணைக்கும் பாதைகள் எல்லாம் சேர்ந்ததே ஊர். இந்தப் புரிதல் மிகப் பழையது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வருவாய் ஒதுக்கிய ஊர்களைக் குறிக்கும் கல்வெட்டுகள், ஒவ்வோர் ஊரின் மொத்த நிலத்தையும் அளந்து சொன்ன பிறகு, வரி விதிக்கப்படாத இடங்களைத் தனியாகக் கழிக்கின்றன. ஊர்நத்தம், கோயில், குளம், ஊரை ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால், சேரிகள், சுடுகாடு ஆகியவை அந்தப் பட்டியலில் வருகின்றன. விளைச்சலைக் கண்ணுங்கருத்துமாகக் கணக்கிட்ட ஓர் அரசு, விலையும் வரியும் சொல்ல முடியாத இடங்கள் ஊருக்கு உண்டு என்பதை ஏற்றுக்கொண்டதற்கான கல்லெழுத்துச் சான்று இது.

அதே பட்டியல் வேறொன்றையும் காட்டுகிறது. ஊரும் சேரியும் அன்றே பிரிந்திருந்தன, சுடுகாடுகளும் பிரிந்திருந்தன. ஆகவே மூதாதையர் நில நினைவு எல்லோருக்கும் ஒரே அச்சில் வார்த்ததாக இருக்க முடியாது. காணி நிலம் வைத்திருந்த குடும்பத்தின் நினைவு வரப்பையும் கிணற்றையும் சுற்றி வரும். அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாக நாற்று நட்டும் அறுத்தும் வந்த கூலிக் குடும்பத்துக்கு அந்த நிலத்தின் மேல் பட்டா கிடையாது. ஆனால் எந்த வயலில் எந்த மடையிலிருந்து தண்ணீர் பாயும், எந்தக் கொல்லையின் முந்திரி முதலில் பழுக்கும் என்ற அறிவு முழுக்க அதனிடம் உண்டு. உரிமைப் பத்திரம் ஒரு பக்கம், நிலத்தைப் பற்றிய அறிவு மறுபக்கம் என்று பிரிந்து கிடந்த இந்த நிலை, பிற்பாடு இழப்பீடு வழங்கும்போது பெரும் அநீதிக்கு இடமளித்தது.

நினைவு தங்கும் இடங்கள்

மூதாதையர் நினைவு மனத்தில் மட்டும் இருப்பதன்று. குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட ஆட்களால் செய்யப்படும் செயல்களில் அது உயிர் வாழ்கிறது. நடுநாடு என்று வழங்கும் இந்தப் பகுதியின் சடங்குகளைக் கிட்டத்தில் பார்த்தால் இது தெளிவாகும்.

வீட்டில் கல்யாணம் வைத்தால் முதலில் பூவாடைக்காரியை அழைப்பது இந்த வட்டாரத்துக் குடும்பங்களின் வழக்கம். குடும்பத்தில் சுமங்கலியாக இறந்த பெண்களும் பிற முன்னோரும் பூவாடையாக நின்று காப்பதாக நம்பிக்கை. கிணற்றடியிலோ ஏரிக்கரையிலோ பங்காளிகள் கூடுவார்கள். பம்பையும் உடுக்கையும் ஒலிக்க, கரகம் சோடித்து, பூவும் மஞ்சளும் இட்டு, இறந்தவர்களைப் பெயர் சொல்லி அழைப்பார்கள். ஒருவர் மேல் அருள் வந்து உத்தரவு சொன்ன பிறகு, கரகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து படையல் போடுவார்கள். பிறகுதான் மற்ற வேலைகள். இதில் நீர்நிலை வெறும் பின்னணி அன்று. முன்னோர் எழுந்து வரும் வாசலே அதுதான். அந்தக் கிணறு சுரங்கத்துக்குள் போய்விட்டால், அடுத்த கல்யாணத்துக்கு அவர்களை எங்கிருந்து அழைப்பது? இழப்பீட்டுப் படிவத்தில் அந்தக் கிணறு கல்கட்டா மண்கிணறா, ஆழம் எவ்வளவு என்ற விவரத்தோடு முடிந்துவிடுகிறது.

திரௌபதியம்மன் திருவிழா இன்னோர் எடுத்துக்காட்டு. பழைய தென்னார்க்காடு மாவட்டம் இந்த வழிபாட்டுக்குப் பேர்போனது. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து, முடிவில் படுகளமும் தீமிதியும் என்று பல நாள் நடக்கும் விழா அது. கோயில், கூத்து நடக்கும் திடல், துரியோதனன் உருவத்தை மண்ணில் கிடத்தும் படுகளம், பூங்கரகம் புறப்படும் நீர்நிலை, தீக்குழி, சாமி சுற்றி வரும் தெருக்கள் என ஊரின் பெரும்பகுதி இதில் மேடையாகிறது. எந்த வகையறா கரகம் எடுப்பது, யாருக்கு முதல் மரியாதை, எந்தத் தெருவில் சாமி நிற்பது என்பதெல்லாம் முறையாக வந்தவை. இந்த முறைகள்தாம் ஊரின் எழுதப்படாத ஆவணம். ஒரே ஊரின் குடும்பங்கள் மூன்று நான்கு இடங்களில் சிதறிக் குடியேறினால், கோயிலைப் புதிதாகக் கட்டிவிடலாம். முறையைக் கட்டுவது எளிதன்று.

மாசி மாதம் அங்காளம்மன் கோயில்களில் நடக்கும் மயானக்கொள்ளை இடுகாட்டிலேயே நடக்க வேண்டிய விழா. இறந்தவர்களின் இடத்துக்கு அம்மன் போகிறாள். ஊரும் பின்னால் போகிறது. முன்னோர் புதைந்த மண்ணும் தெய்வமும் ஒன்றையொன்று பிரிக்க முடியாதபடி பிணைந்திருப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சடங்கு குறைவு.

இந்த ஊர்கள் தனித்தனித் தீவுகளாகவும் இருக்கவில்லை. ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் ஒவ்வோர் ஆண்டும் மாசி மகத்துக்குக் கிள்ளைக் கடற்கரைக்குப் புறப்பட்டு, வெள்ளாற்றுச் சமவெளியின் ஊர்கள் வழியாகப் பயணம் போகிறார். கிள்ளையில் இசுலாமியர்களும் அவருக்கு மரியாதை செய்கிறார்கள். விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில், குறையுள்ளவர்கள் தம் பெயரையும் ஊரையும் எழுதிப் பிராது கட்டுகிறார்கள். தெய்வத்திடம் முறையிடவும் ஒருவருக்கு ஊர் வேண்டும். ஆக, ஊர் அழியும்போது அந்த ஊர் ஒரு கண்ணியாக இருந்த பெரிய வலையும் அந்த இடத்தில் அறுபடுகிறது.

சட்டம் எண்ணுவதும் விடுவதும்

நெய்வேலிக்கான நிலம் தொடக்கத்தில் 1894-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தின் கீழும், பின்னர் தமிழ்நாடு அரசின் 1997-ஆம் ஆண்டுத் தொழில்நோக்க நில எடுப்புச் சட்டத்தின் கீழும் எடுக்கப்பட்டது. இந்தச் சட்டங்களின் பார்வையில் நிலம் என்பது சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, வகைப்பாடு, பட்டாதாரர் பெயர். அவார்டு என்னும் இழப்பீட்டு ஆணை போட்டு, பணத்தைக் கொடுத்து அல்லது நீதிமன்றத்தில் கட்டி, நிலத்தை எடுத்துக்கொண்டால் உறவு முடிந்தது. மரத்துக்கு விலை உண்டு, கிணற்றுக்கு விலை உண்டு, கட்டடத்துக்கு விலை உண்டு. ஒன்றோடொன்று இருந்த தொடர்புக்கு விலையும் இல்லை, பெயரும் இல்லை.

பட்டாவை அடிப்படையாகக் கொண்டதால் மூன்று தரப்பினர் விளிம்புக்குப் போனார்கள். புறம்போக்கில் வீடு கட்டியிருந்தவர்கள் ஒரு தரப்பு. குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுதவர்களும் விவசாயக் கூலிகளும் இன்னொரு தரப்பு. தாத்தன் பெயரில் கிடக்கும் கூட்டுப் பட்டாவில் பாகம் பிரிக்காமல் பயிர் செய்துவந்த பங்காளிகள் மூன்றாவது. நிலம் இருந்தவரை வாய்வழி ஒப்பந்தத்தில் சுமுகமாக நடந்த பாகங்கள், பணம் என்றானவுடன் வாரிசுச் சான்றிலும் வழக்கிலும் போய் முடிந்தன. பெண் மக்களுக்குப் பிறந்த ஊரோடு இருந்த சீர்செனத்தி உறவும் இதில் அடிபட்டது.

2013-இல் நாடாளுமன்றம் இயற்றி 2014 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய நில எடுப்பு, மறுவாழ்வுச் சட்டம் பெரிய முன்னேற்றம். நிலம் இல்லாவிட்டாலும் அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த குடும்பத்தைப் பாதிக்கப்பட்ட குடும்பமாக அது ஏற்கிறது. நிலம் எடுக்கும் முன் சமூகத் தாக்க மதிப்பீடு நடக்க வேண்டும். அதில் பொதுச் சொத்துகள், வழிபாட்டிடங்கள், இடுகாடு, சுடுகாடு ஆகியவற்றுக்கு நேரும் தாக்கமும் ஆராயப்பட வேண்டும். சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, மாற்றுக் குடியிருப்பில் அமைக்க வேண்டிய வசதிகளாக வழிபாட்டிடத்தையும் இடுகாட்டையும் குறிப்பிடுகிறது.

ஆனால் தமிழ்நாட்டில் இந்தக் கதவு பாதியே திறந்தது. மாநில அரசு அந்தச் சட்டத்தில் 105-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, தொழில்நோக்க நில எடுப்புச் சட்டம் உள்ளிட்ட மூன்று மாநிலச் சட்டங்களுக்கு விலக்குப் பெற்றது. இழப்பீட்டு அளவும் மறுவாழ்வு அட்டவணைகளும் அவற்றுக்குப் பொருந்தும். சமூகத் தாக்க மதிப்பீடு பொருந்தாது. 2019 சூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த ஏற்பாட்டைச் செல்லாததாக்கியது. அதே ஆண்டில் மாநில அரசு அச்சட்டங்களுக்குப் புத்துயிர் கொடுத்துத் தனிச் சட்டம் இயற்றியது. 2021 சூனில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. விளைவு, ஊரின் கோயிலையும் இடுகாட்டையும் ஏரியையும் பற்றிக் குடிமக்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டிய ஒரே சட்டக் கட்டம் இங்கே தொழில்நோக்க நில எடுப்பில் கட்டாயமில்லாமல் போனது.

2023: வளையமாதேவி

இரண்டாம் சுரங்கம் தெற்கு நோக்கி நகர, அதன் வழியில் இருந்த பரவனாற்றை நிரந்தரமாகத் திருப்பிவிட 12 கிலோமீட்டர் நீளக் கால்வாய் திட்டமிடப்பட்டது. பெரும்பகுதி முடிந்து, சேத்தியாத்தோப்பை அடுத்த மேல்வளையமாதேவிப் பக்கம் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் எஞ்சியிருந்தது. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டு இழப்பீடும் தரப்பட்டுவிட்டது, பயிர் வைக்க வேண்டாம் என்று முன்னரே சொல்லப்பட்டது என்பது நிறுவனத்தின் நிலை. பழைய வீதத்தில் கிடைத்த தொகை போதாது, பின்னால் உயர்ந்த வீதம் தங்களுக்கும் வேண்டும், வேலை வேண்டும் என்பது விவசாயிகளின் நிலை. நிலம் காகிதத்தில் கைமாறி ஆண்டுகள் ஆகியும் உழவு நிற்கவில்லை.

2023 சூலை 26 அன்று, காவல் துறைப் பாதுகாப்போடு பொக்லைன் இயந்திரங்கள் விளைந்துகொண்டிருந்த நெல்வயலில் இறங்கிக் கால்வாய் வெட்டத் தொடங்கின. பச்சைப் பயிர் மண்ணோடு புரளும் காட்சி தமிழ்நாடு முழுவதும் பரவியது. இரண்டு நாள் கழித்துப் பாட்டாளி மக்கள் கட்சி நெய்வேலியில் நடத்திய முற்றுகைப் போராட்டம் கல்வீச்சிலும் தடியடியிலும் முடிந்தது. உயர் நீதிமன்றம் பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

சட்டப்படி பார்த்தால் அந்த வயல் நிறுவனத்தின் சொத்து. அப்படியிருந்தும் அந்தக் காட்சி மாநிலத்தையே உலுக்கியதற்குக் காரணம் உண்டு. நெற்பயிரை அழிப்பது பாவம் என்ற உணர்வு தமிழர்களிடம் சட்டத்துக்கு முந்தையது. அவார்டு போட்ட பிறகும் விதைத்தவர்களை ஆக்கிரமிப்பாளர்கள் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. உழவு அவர்களுக்குப் பிழைப்பு. கூடவே அந்த நிலத்தோடு தம் உறவு அறவில்லை என்ற அறிவிப்பு. நிலத்தை விட்டுப் போனவர் என்று யாரும் சொல்லிவிடாதபடி ஆண்டுதோறும் அந்த உறவைப் புதுப்பித்துக்கொண்டார்கள்.

அதே ஆண்டு மார்ச் இறுதியில், ஒன்றிய நிலக்கரி அமைச்சகம் ஏலத்துக்கு அறிவித்த நிலக்கரிப் பகுதிகளின் பட்டியலில் வடசேரி, மைக்கேல்பட்டி ஆகியவற்றோடு சேத்தியாத்தோப்பு கிழக்குப் பகுதியும் இடம்பெற்றிருந்தது. தமிழ்நாடு அரசு 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இயற்றிக் காவிரிப் படுகை மாவட்டங்களோடு கடலூர் மாவட்டத்தின் ஐந்து ஒன்றியங்களையும் அதில் சேர்த்திருந்தது. ஏப்ரல் 4 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அவற்றை நீக்கக் கோரிப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். சில நாட்களிலேயே மூன்று பகுதிகளும் ஏலத்திலிருந்து நீக்கப்பட்டன. ஒரே சமவெளி, ஒரே ஆறு, ஒரே வகை உழவர்கள். கிழக்கே நிலக்கரி அறிவிப்பு பத்து நாளில் திரும்பப் பெறப்பட்டது; மேற்கே நான்கு மாதத்தில் இயந்திரம் வயலில் இறங்கியது. மூதாதையர் நிலத்தின் மதிப்பு அதன் மேல் எந்தச் சட்டக் கோடு எப்போது விழுந்தது என்பதைப் பொறுத்தே முடிவாகிறது என்பதை இந்த ஓராண்டு நிறுவியது.

நினைவு பிழைத்திருக்கும் வழிகள்

இடம்பெயர்ந்தவர்கள் நினைவைக் கைவிட்டுவிடவில்லை. குலதெய்வத்தைப் புதிய இடத்துக்குக் கொண்டுபோகப் பிடிமண் எடுப்பது தமிழ்நாட்டின் பழைய வழக்கம். பூர்வீகக் கோயிலில் பூசை போட்டு, உத்தரவு கேட்டு, கைப்பிடி மண்ணைத் துணியில் முடிந்து எடுத்துப்போய், புதிய இடத்தில் பீடத்தின் அடியில் வைப்பார்கள். பஞ்சத்துக்கும் பகைக்கும் பயந்து ஊர் மாறிய முன்னோர் கண்டுபிடித்த வழி இது. ஆனால் பிடிமண் எடுத்தவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது மூலக்கோயிலுக்குத் திரும்பிப் போவார்கள். கிளைக்கு உயிர் தருவது மூலம். மூலமே இல்லாத பிடிமண் என்ற நிலையைச் சுரங்கம் உண்டாக்கியது.

கோயில் தப்பிப் பிழைத்த இடத்தில் நிலைமை வேறு. நெய்வேலி நகரியத்தின் வட்டங்களுக்கு நடுவே வில்லுடையான்பட்டு முருகன் கோயில் நிற்கிறது. பங்குனி உத்திரத்தன்று சுற்று வட்டார ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் காவடியும் பால்குடமும் சுமந்து அங்கே வருகிறார்கள். அகலச் சாலைகளும் குடியிருப்புகளுமாகத் திட்டமிட்டுக் கட்டிய நகரத்தில் அன்று ஒரு நாள் பழைய நிலத்தின் பாதைகள் மீண்டும் நடமாட்டம் பெறுகின்றன. ஓர் இடத்தை விட்டுவைத்தால் எவ்வளவு நினைவு அதைச் சுற்றித் திரளும் என்பதற்கு இந்தக் கோயில் சான்று.

எழுத்திலும் இந்த நினைவு பதிவாகியிருக்கிறது. விருத்தாசலத்தை அடுத்த மணக்கொல்லையைச் சேர்ந்த கண்மணி குணசேகரன் நெய்வேலிக்கு நிலம் கொடுத்த மக்களின் வாழ்வை ‘வந்தாரங்குடி’ நாவலில் எழுதினார். அவரே நடுநாட்டுச் சொல்லகராதியையும் தொகுத்தார். முந்திரிக் கொல்லையோடும் மானாவாரி உழவோடும் ஒட்டிய சொற்கள் நிலத்தோடு மறையும் முன் ஏட்டில் ஏறியது பெரும் பேறு.

நினைவு உரிமைக் குரலாக எழுவதையும் இந்த வட்டாரம் கண்டிருக்கிறது. 1867-இல் வள்ளலார் வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கியபோது பார்வதிபுரம் மக்கள் 80 காணி நிலம் கொடுத்தனர். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் பசித்தவர்களுக்குச் சோறு போடுகிறது. 2024-இல் வடலூரில் வள்ளலார் சபையின் பெருவெளியில் அரசு பன்னாட்டு மையம் கட்டப் பள்ளம் தோண்டியபோது, தடுக்க வந்தவர்களில் பார்வதிபுரத்தார் முன்னணியில் நின்றனர். எங்கள் முன்னோர் இதைத் திறந்தவெளியாக இருக்கவே கொடுத்தார்கள் என்பது அவர்கள் வாதம். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் கொடுத்துவிட்ட நிலத்தின் மேல் அவர்கள் சொத்துரிமை கோரவில்லை. கொடுத்த நோக்கத்துக்குக் காவலாக நின்றார்கள்.

மப்புச்சே, டோங்ரியா, சோர்ப்

உலகின் பிற பகுதிகளிலும் இதே கேள்வி எழுந்துள்ளது. தென் அமெரிக்காவின் சிலியிலும் அர்ஜென்டினாவிலும் வாழும் மப்புச்சே மக்கள் ஸ்பானியப் பேரரசுக்கு அடங்காமல் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் தம் நிலத்தை ஆண்டவர்கள். 1861 முதல் 1883 வரை நடந்த படையெடுப்பில் சிலி அரசு அவர்களின் நாட்டைக் கைப்பற்றி, பழைய நிலத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானதை மட்டும் துண்டுதுண்டாக அவர்களுக்குப் பட்டா போட்டுக் கொடுத்தது. மப்புச்சே ஒருவர் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது தாம் தோன்றிய இடத்தையும் வம்சத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முன்பின் தெரியாதவரிடம் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கும் நடுநாட்டு வழக்கத்துக்கு இது மிக நெருக்கம். பியோபியோ ஆற்றில் ரால்கோ அணை கட்டியபோது, பெவென்சே என்னும் மப்புச்சே பிரிவைச் சேர்ந்த நிகோலாசா, பெர்த்தா கின்ட்ரெமான் சகோதரிகள் மாற்று நிலத்தை ஏற்க மறுத்துப் பல ஆண்டுகள் போராடினார்கள். 2004-இல் அணை நிரம்பியபோது முன்னோரின் இடுகாடும் மூழ்கியது.

ஒடிசாவின் நியம்கிரி மலையில் முடிவு வேறு விதமாக அமைந்தது. பாக்சைட் சுரங்கத்தை எதிர்த்த டோங்ரியா கோண்டு மக்களின் வழக்கில், 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் கிராம சபைகளே முடிவெடுக்கட்டும் என்றது. தங்கள் தெய்வமான நியம் ராஜா குடியிருக்கும் மலை அது என்று கூறி 12 கிராம சபைகளும் சுரங்கத்தை மறுத்தன, திட்டம் நின்றது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அவர்களுக்குத் துணை நின்றது. சேத்தியாத்தோப்புப் பக்கத்து உழவர்கள் பழங்குடிகள் அல்லர். அவர்களின் அய்யனாரும் அம்மனும் பூவாடைக்காரியும் குடியிருக்கும் இடத்தைக் காக்க அத்தகைய சட்டம் இல்லை. பழங்குடிகளுக்கு மூதாதையர் நிலம் உண்டு, குடியானவர்களுக்குச் சொத்து மட்டுமே உண்டு என்ற பிரிவினை சட்டத்தின் வசதிக்கானது. வாழ்வில் அப்படி ஒரு கோடு இல்லை. 2018-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற உழவர் உரிமைப் பிரகடனம் இந்தக் குறையை உணர்ந்து எழுந்ததுதான்.

நெய்வேலிக்கு மிக நெருங்கிய ஒப்புமை ஜெர்மனியின் லௌசிட்ஸ் பகுதி. அங்கே பழுப்பு நிலக்கரிக்காக 130-க்கும் மேற்பட்ட ஊர்கள் முழுதாகவோ பகுதியாகவோ அழிந்தன; அவற்றில் பல, சோர்ப் என்னும் சிறுபான்மை இனத்தாரின் ஊர்கள். ஹோர்னோ என்ற ஊர் நீண்ட போராட்டத்துக்குப் பின் 2000-களின் தொடக்கத்தில் இடம்பெயர்ந்தது. அதன் புதிய குடியிருப்பில் 2006-இல் மறைந்த ஊர்களுக்கான ஆவணக் காப்பகம் ஒன்று திறக்கப்பட்டது. ஒவ்வோர் ஊரின் பெயர், வரைபடம், படங்கள், மக்களின் வாய்மொழி எல்லாம் அங்கே உள்ளன. இழந்த ஊரை அது திருப்பித் தரவில்லை. அப்படி ஓர் ஊர் இருந்ததையும் அது எதற்காக அழிந்தது என்பதையும் நாடு எழுத்தில் ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதே அதன் பெருமதிப்பு.

செய்ய வேண்டியவை

நெய்வேலிக்கு அப்படி ஒரு காப்பகம் வேண்டும். முதல் தலைமுறை இடம்பெயர்வைக் கண்ணால் கண்டவர்கள் மிக முதியவர்களாகிவிட்டார்கள். பழைய கிராமப் புலப்படங்களும் அ-பதிவேடுகளும் வருவாய்த் துறையிடம் இருக்கின்றன. அவற்றையும் மக்களின் வாய்மொழியையும் சேர்த்து, எடுக்கப்பட்ட ஒவ்வோர் ஊருக்கும் ஓர் ஆவணம் உருவாக்க முடியும். மாவட்ட நிர்வாகம், நிறுவனம், அருகிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகம் மூன்றும் கூடினால் இது பெரிய செலவுள்ள வேலை அன்று.

இனி எடுக்கப்படும் எந்த நிலத்துக்கும் சமூகத் தாக்க மதிப்பீட்டைத் தமிழ்நாடு அரசு கட்டாயமாக்க வேண்டும். ஊரும் சேரியும் தனித்தனியே பேச அதில் இடம் வேண்டும். குடும்பங்களைச் சிதறடிக்காமல் ஊர் ஊராகவே குடியமர்த்த வேண்டும். கோயில், நீர்நிலை, இடுகாடு ஆகியவை எங்கே அமைய வேண்டும் என்பதை அம்மக்களே முடிவு செய்ய வேண்டும். கரி எடுத்து முடித்து மண் நிரப்பிய நிலத்தில் நிறுவனம் காடு வளர்க்கிறது, பூங்கா அமைக்கிறது. அந்த நிலத்தில் முதல் உரிமை அங்கிருந்து போன ஊருக்கு இருக்க வேண்டும். பழைய இடத்தின் பெயரோடு ஒரு கல்லும், ஆண்டுக்கொரு நாள் விளக்கேற்ற வழியும் கேட்பது அதிகம் அன்று.

நாட்டுக்கு மின்சாரம் வேண்டும் என்பதை இந்த ஊர்கள் ஒருபோதும் மறுத்ததில்லை. மறுத்திருந்தால் நெய்வேலியே இல்லை. நிலம் கொடுத்தவர்கள் கொடுத்தது எதை என்று கேட்டு எழுதிக்கொள்ளும் கடமை நாட்டுக்கு இருந்தது. அந்தக் கடமை இன்னும் நிறைவேறவில்லை.